விக்டோரியா காலப் பறவைப் படங்கள்: கைவண்ணமா, மரக்கட்டையா, வண்ணக் கல்லச்சா?

இறகின் மென்மைதான் அளவுகோல் என்றால், கல்லச்சில் (கல்லில் வரைந்து அச்சிடும் லித்தோகிராஃபி) எடுத்துக் கையால் நிறம் தீட்டிய படத்துக்கு இணையில்லை. ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜான் கூல்டின் ஹம்மிங்பறவை நூலின் 360 படங்களும் (1849–61) அப்படி வந்தவையே. பவேரியாவின் சோல்ன்ஹோஃபென் சுண்ணாம்புக் கல்லை மணலிட்டுத் தேய்த்து, மெழுகும் சோப்பும் புகைக்கரியும் கலந்த பென்சிலால் இடவலம் மாற்றி வரைவார்கள். நைட்ரிக் அமிலம் சில சொட்டு சேர்த்த வேலம்பிசினைப் பூசி, கல்லை நனைத்து மை உருட்டினால் கொழுப்பிருக்கும் கோட்டில் மட்டும் மை ஒட்டும். விரல் பட்ட இடமும் அச்சில் கறையாக வரும். அமிலம் கூடினால் முதலில் போவது மார்பிறகின் மெல்லிய சாயல்.

பிறகு மாதிரிப் படத்தைப் பார்த்துப் பிரதி பிரதியாக நீர்வண்ணம். தொண்டை மினுக்கத்துக்குக் கூல்டு தங்கத்தாள் ஒட்டி, மேலே ஒளி ஊடுருவும் எண்ணெய் வண்ணமும் வார்னிஷும் பூசவைத்தார். வெறும் அச்சு மையால் அந்தப் பளபளப்பு வராது. குறை என்றால், பிரதிக்குப் பிரதி நிறம் மாறும்; ஈயவெள்ளை தீட்டிய இறகுகள் கந்தகம் கலந்த காற்றில் கறுக்கும். மெட்ராஸில் 1843–47இல் வெளியான பறவையியலாளர் ஜெர்டனின் 50 இந்தியப் பறவைப் படங்களும் கைவண்ணம்தான்.

விலை குறையவேண்டுமானால் மரக்கட்டை. இங்கிலாந்தின் டிரிஃபீல்டு ஊரில் அச்சகர் பெஞ்சமின் ஃபாசெட், மோரிஸின் பிரித்தானியப் பறவை நூலுக்கு இதில்தான் கோடுகளை அச்சிட்டார். நிறம் மட்டும் கையால். பாக்ஸ்வுட் மரத்தின் குறுக்குவெட்டில், வெள்ளையாக வரவேண்டியதைச் செதுக்கி எடுப்பார்கள். கட்டை எழுத்தச்சின் உயரமே (சுமார் 23 மி.மீ.) இருந்தால் உரையோடு சேர்த்தே அச்சிடலாம். அடிமரம் மெலிந்தது என்பதால் பெரிய படத்துக்குத் துண்டுகளை இணைக்கவேண்டும். இணைப்பு தளர்ந்தால் பறவையின் குறுக்கே வெள்ளைக் கீறல் விழும். கோடு தெளிவாக நிற்கும், ஆனால் பஞ்சுபோன்ற இறகு வராது.

வண்ணக் கல்லச்சில் நிறத்துக்கு ஒரு கல் வீதம் அடுத்தடுத்து அச்சிடுவார்கள். லில்ஃபோர்டு பிரபுவின் பிரித்தானியப் பறவை நூலுக்கு (1885–97) பெரும்பாலான படங்களை பெர்லினில் அச்சிட்டார்கள். எல்லாப் பிரதியும் ஒன்றுபோல் இருக்கும். ஈரத்தில் தாள் சற்றே விரிந்தாலும் அடுத்த நிறம் விலகி விழும். அலகு ஓரத்தையும் கண் வளையத்தையும் உருப்பெருக்கியில் பார்த்தால், விலகிய நிறமும் கல்லின் புள்ளிகளும் தெரியும். கைவண்ணத்தில் நிறம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். பளபளப்புக்காகத் தடவிய பிசின் கண்மணியில் மின்னும்.