மூன்றே நாளில் ஓடினான் ஜிம்மி, அங்கேதான் ஏமாந்தேன்

நாயின் மூட்டுவலிக்கு "முழுக்க மூலிகை" என்று சொல்லி, பெயரும் சேர்மானமும் இல்லாத டப்பாவில் விற்கும் பொடியைக் கொடுத்து வருகிறீர்களா? நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். டப்பாவை எடுத்துக்கொண்டு இன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். நான் அப்படிப் போகாததால்தான் இதை எழுதுகிறேன்.

ஜிம்மி 10 வயது லாப்ரடார். எடை 38 கிலோ, அதில் நாலைந்து கிலோ எங்கள் வீட்டு நெய்ச்சோற்றுக் கணக்கு. இடுப்பு மூட்டு தேய்ந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்ததும் மருத்துவர் மெலாக்சிகாம் என்ற வலி மருந்தை எழுதினார். எடையைக் குறைக்கச் சொன்னார். சிறுநீரகத்தையும் கல்லீரலையும் அவ்வப்போது ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் பயந்துவிட்டேன். பூங்காவில் ஒருவர் வைத்தியர் ஒருவரின் எண்ணைக் கொடுத்தார்.

ஒரு டப்பா 1,800 ரூபாய். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "பரம்பரை ரகசியம் மேடம்" என்றார். மெலாக்சிகாமையும் சேர்த்துத் தரலாமா என்றதற்கு, "தாராளமாக, இது வெறும் மூலிகைதானே!"

மூன்றாம் நாள் ஜிம்மி மாடிப்படி ஏறினான். பூங்காவில் நானே நாலு பேருக்கு அந்த எண்ணைக் கொடுத்தேன், அந்தப் பாவம் தனி.

இரண்டாம் வாரத்திலிருந்து கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தான். எட்டு வருடமாக வீட்டுக்குள் சிறுநீர் கழிக்காதவன் நள்ளிரவில் கூடத்தில் கழித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலை குனிந்தான். தீராப் பசி, ஓயாத மூச்சிரைப்பு, தொங்கும் வயிறு. "நச்சு வெளியேறுகிறது மேடம்" என்றார் அவர். நம்பினேன். ஐந்தாம் வாரம் மலம் தார் போலக் கறுத்தது. பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்தினேன். இரண்டே நாளில் வாந்தி. எழுந்து நிற்கக்கூட முடியவில்லை.

பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்பது மருத்துவரின் முடிவு. அறிகுறிகளும் ரத்த முடிவும் அதையே காட்டின. ஸ்டீராய்டும் மெலாக்சிகாமும் ஒன்றாகச் சேர்ந்தால் இரைப்பை புண்ணாகிக் கசியும். கறுத்த மலம் அந்த ரத்தம்தான். வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால், உடலுக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை விட்டுவிடும். திடீரென்று நிறுத்தினால் உடல் சரிந்துவிடும். மருத்துவர் பார்த்துப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டுமாம். நான்கு நாள் டிரிப்ஸ், 23,000 ரூபாய்.

மாற்று வைத்தியம் என்றாலே அந்த மருத்துவர் அம்மா முகம் சுளிப்பார் என்று நினைத்திருந்தேன். மீன் எண்ணெய்க்கு ஓரளவு ஆதாரம் உண்டு, குளுக்கோசமினுக்குக் குறைவு, அக்குபங்சரை மருந்தோடு சேர்த்துப் பார்க்கலாம் என்று நிதானமாகவே சொன்னார். எல்லாவற்றையும்விட எடைதான் முக்கியம் என்றார். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வில், கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு மூட்டுத் தேய்மானம் தாமதமாகத்தான் வந்ததாம். ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாகவும் வாழ்ந்தனவாம். நெய்ச்சோறு அன்றே நின்றது.

ரசீது கேட்டதும் வைத்தியர் என் எண்ணைத் தடுத்துவிட்டார். ஜிம்மி இப்போது 33 கிலோ. காலையில் இன்னும் நொண்டுகிறான், பத்து நிமிடம் நடந்தால் சரியாகிறது. பூங்காவில் நான் எண் கொடுத்த நால்வரில் மூவரைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டேன். பழுப்பு டாக்ஷண்ட் வைத்திருக்கும் பெரியவரை மட்டும் இன்னும் காணவில்லை.