சப்போரோ ஓக்குராயாமா: தாண்டல் மேடையும் ஒரு தந்தையின் கேள்வியும்

செப்டம்பர் பள்ளி விடுமுறை வாரத்தில் குடும்பத்துடன் ஜப்பானின் சப்போரோ நகருக்குச் சென்று வந்தோம். பார்த்த இடங்களுள் ஓக்குராயாமா பனிச்சறுக்குத் தாண்டல் அரங்கைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன். சிங்கப்பூரில் பிள்ளையை ஏதேனும் ஒரு விளையாட்டில் சேர்த்த பெற்றோர் எப்போதாவது எதிர்கொள்ளும் கேள்விக்கு, அதாவது போட்டியில் வெல்லாத பிள்ளைக்குப் பயிற்சி எதற்கு என்பதற்கு, எனக்கு அங்கேதான் தெளிவு பிறந்தது. உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் மகள் ஏழு வயது முதல் சீருடற்பயிற்சி பழகி வந்தாள். போட்டிக் குழுவுக்கு அவள் தேர்வாகாத ஆண்டில், போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கே இடம் போதவில்லை என்று சொல்லி, அவள் பழகிய பயிற்சி நிலையம் அவளை நிறுத்திவிட்டது. உறவினர்களும், விளையாட்டு போன்ற திறன்களைக் கொண்டு பள்ளியில் இடம் பெறும் நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு உதவாத பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் எதற்கு என்று கேட்டார்கள். அவளுக்குக் கைகளை ஊன்றிப் புரண்டு எழுவது பிடித்திருந்தது; அதைத் தவிர வேறு காரணம் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மருயாமா கோயென் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் சென்றால் அரங்கின் அடிவாரத்திலேயே இறங்கலாம். கோடையிலும் இங்கே தாண்டுகிறார்கள் என்பது பலருக்கு வியப்பளிக்கும். தரையிறங்கும் சரிவு முழுவதும் பச்சை நிறப் பிளாஸ்டிக் விரிப்பு படர்ந்திருக்க, அதன்மேல் நீர் தெளிக்கிறார்கள். நாங்கள் சென்ற காலையில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஓர் இளைஞர், தம்மைவிட மிக நீளமான சறுக்குப் பலகைகளைத் தோளில் சாய்த்தபடி எங்களைக் கடந்து சென்றார். பலகையின் நீளம் தாண்டுபவரின் உயரத்தில் 145 விழுக்காடு வரை இருக்கலாம் என்பது விதி. அதாவது 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர். சற்று நேரத்தில் அதே இளைஞர் உச்சியில் குறுக்குச் சட்டத்தின்மேல் அமர்ந்திருந்தார். பக்கவாட்டு மேடையில் நின்ற பயிற்றுநர் கையை இறக்கியதும், சட்டத்தை விட்டு வழுக்கி, உடலை மடக்கி விரைந்து வந்து, பாதையின் விளிம்பில் ஒரே உந்தலில் நிமிர்ந்தார். பின்னர் பலகைகள் V வடிவில் விரிய, காற்றில் படுத்தவரைப் போல மிதந்தார். கீழிருந்து கேட்டால் பெரிய துணியை யாரோ நீளமாகக் கிழிப்பது போன்ற ஓசை. ஒரு காலை முன்வைத்து, முழங்காலை மடக்கி, இரு கைகளையும் விரித்து இறங்கினார். அதற்கு டெலிமார்க் என்று பெயர். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இறங்கும்போது அவர் சிரிச்சாரு, பாத்தீங்களா?" என்றாள்.

பயிற்சி முடிந்ததும் இருவர் அமரும் நாற்காலித் தொங்கூர்தியில் மேலே சென்றோம். 307 மீட்டர் உயரத்திலுள்ள பார்வைக்கூடத்திலிருந்து ஒடோரி பூங்கா நகரின் நடுவே நேர்கோடாக ஓடுவது தெரிகிறது. காட்சி அழகானதுதான். ஆனால் நகரத்தைவிட, கண்ணுக்கு நேர்கீழே இறங்கும் சறுக்குப் பாதையையே நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1972 பிப்ரவரியில் நடந்த சப்போரோ குளிர்கால ஒலிம்பிக்கில் போலந்தின் 19 வயது வோய்ச்செக் ஃபோர்த்துனா இங்கே 0.1 புள்ளி வேறுபாட்டில் தங்கம் வென்றார். சில நாள்களுக்கு முன்னர் அருகிலுள்ள மியானோமோரி மேடையில் தங்கம் வென்று, ஜப்பானியர் மூவர் முதல் மூன்று இடங்களையும் பிடித்த நிகழ்வுக்குத் தலைமை தாங்கிய யுகியோ காசாயா, இந்தப் பெரிய மேடையில் ஏழாவதாகவே வந்தார்.

அடிவாரத்திலுள்ள சப்போரோ ஒலிம்பிக் அரும்பொருளகம் பிள்ளைகளுக்கு மிகவும் பொருத்தமானது. தாண்டல் பாவனைக் கருவியில் ஏறி, திரையைப் பார்த்தபடி சரியான நொடியில் எழும்ப வேண்டும். எத்தனை மீட்டர் பறந்தோம் என்று அது காட்டுகிறது. மகள் மூன்று முறை வரிசையில் நின்றாள். கருவி காட்டும் மீட்டர் கணக்கு பாதி உண்மைதான் என்பதை அவளுக்கு விளக்கினேன். உண்மையான போட்டியில் தொலைவுக்கு மட்டும் புள்ளி இல்லை. நடுவர் ஐவர் ஒவ்வொருவரும் 20 புள்ளி வரை அளிப்பார்கள். அவற்றுள் மிக உயர்ந்ததும் மிகக் குறைந்ததும் நீக்கப்படும். ஆகவே பறந்த விதத்துக்கும் இறங்கிய விதத்துக்கும் மட்டுமே 60 புள்ளி வரை கிடைக்கும். தொலைவுப் புள்ளிக்கு அடிப்படையாகச் சரிவில் குறிக்கப்பட்ட இடம் K புள்ளி; இங்கே 123 மீட்டரிலுள்ள அதைத் தொட்டவருக்குத் தொலைவுக்காகக் கிடைப்பதும் அதே 60தான். அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் 1.8 புள்ளி கூடும். நேர்த்தியை இவ்வளவு மதிக்கும் ஒரு விளையாட்டில், வெற்றி பெறாதவரின் நேர்த்தி மட்டும் எப்படிப் பயனற்றதாகும் என்பதே என் மனத்தில் ஓடியது.

பிரிட்டனின் எடி எட்வர்ட்ஸ் 1988 கால்கரி ஒலிம்பிக்கில் இரண்டு மேடைகளிலும் கடைசி இடம் பெற்றார். அதன்பின், பன்னாட்டுப் போட்டிகளில் முதல் 30 விழுக்காட்டினருள்ளோ முதல் 50 பேருக்குள்ளோ வந்தவர்களே ஒலிம்பிக்குக்குச் செல்லலாம் என்று விதி இறுகியது. அந்த விதியை நான் குறைகூற மாட்டேன். பெரிய மேடையில் மணிக்கு 90 கிலோமீட்டர் அளவு வேகத்தில் புறப்படுவதற்குத் தகுதி வேண்டும் என்பது உயிர் தொடர்பான செய்தி. ஆனால், ஒலிம்பிக்குக்குச் செல்லத் தகுதி இல்லை என்பதும், தாண்டவே தகுதி இல்லை என்பதும் ஒன்றல்ல. நம் ஊரில் இவ்விரண்டையும் மிக எளிதாக ஒன்றாக்கிவிடுகிறோம் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தமளிக்கிறது. இதே சப்போரோவில் அராயியாமா என்னும் இடத்தில் பிள்ளைகளுக்கான சிறிய மேடைகள் இருக்கின்றன. சிறிய மேடையில் தாண்டும் பிள்ளைக்கும் பயிற்றுநரும் ஒழுங்கும் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கமும் தேவைப்படுகின்றன. விருப்பத்துக்காக விளையாடுவது என்றால் ஏனோதானோவென்று விளையாடுவது என்று பொருளல்ல. மேடையின் அளவு மட்டுமே மாறுகிறது.

மகளிர் வரலாறும் இதற்குச் சான்று. ஆடவருக்கு 1924 முதல் ஒலிம்பிக்கில் இருந்த இந்த விளையாட்டு, மகளிருக்கு 2014இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட 90 ஆண்டுகளில் தாண்டிய பெண்கள் எவருக்கும் அந்தப் பதக்கம் எட்டும் தொலைவில் இருந்ததில்லை, இருந்தும் தாண்டினார்கள். மறுபக்கம், எட்டு ஒலிம்பிக்குகளில் பங்கேற்று, 2014இல் 41 வயதில் வெள்ளி வென்ற ஜப்பானின் நோரியாக்கி கசாய், 2024 பிப்ரவரியில் 51 வயதில் இதே ஓக்குராயாமாவில் உலகக் கிண்ணப் போட்டியில் தாண்டினார். அவரைப் போட்டியாளர் என்பதா, ஆசைக்காகத் தாண்டுபவர் என்பதா? இரண்டையும் பிரிக்க என்னால் முடியவில்லை.

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள்: அரை நாள் ஒதுக்குங்கள். பயிற்சி அல்லது போட்டி நடக்கும் நாள்களில் தொங்கூர்தி பொதுமக்களுக்கு எப்போது இயங்கும் என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. பயிற்சி இருந்தால் முதலில் அடிவாரத்தில் நின்று அதைப் பாருங்கள், அரும்பொருளகத்தைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான தாண்டலைக் கண்டபின் பாவனைக் கருவியில் ஏறும் பிள்ளை, முழங்காலை மடக்க வேண்டும் என்பதைச் சொல்லாமலே செய்கிறது. செப்டம்பரிலும் மேலே காற்று குளிரும். மேலாடை ஒன்று கையில் இருக்கட்டும். மகளுக்கு, போட்டிக் குழு இல்லாத சீருடற்பயிற்சி வகுப்பு ஒன்றை வீட்டருகே உள்ள சமூக மன்றத்தில் கண்டுபிடித்திருக்கிறோம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் வகுப்பு.