பெட்டியில் 4200 வாட், அடியில் 2800: இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கப் போகிறவர்கள் கவனத்திற்கு

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) ஈரறை வீட்டுக்கு ஏற்றது என்று சொல்லி விற்கப்படும் இரட்டை இண்டக்‌ஷன் அடுப்பைப் பற்றிய பதிவு இது. கடைப் பெயர் வேண்டாம். இதே வியாபாரம் பல இடங்களில் நடக்கிறது, கைப்பேசிச் செயலிகளில் இன்னும் அதிகம்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 4200 வாட். இடப்பக்கம் 2100, வலப்பக்கம் 2100. “சாதாரண பிளக்குதான்க்கா, வயரிங் எதையும் தொட வேண்டாம், ரெண்டு பக்கமும் ஃபுல்லா வைக்கலாம்” என்றார் விற்றவர். வீட்டில் ஒரு பக்கம் குழம்பை 2000-இல் வைத்தால் மறுபக்கம் தானாக 800-க்கு இறங்கியது. பழுது என்று தூக்கிக்கொண்டு போனபோது, “அது அப்படித்தான், பவர் ஷேரிங்” என்றார் அதே ஆள். அடுப்பைக் கவிழ்த்துப் பார்த்தால் ஒட்டியிருந்த சிட்டையில் பொடி எழுத்தில் 2800 வாட். ரசீதின் பின்பக்கமோ “பணம் திருப்பித் தரப்படாது, வேறு பொருள் எடுத்துக்கொள்ளலாம்” என்றது.

இந்த ஏமாற்றைக் கடையிலேயே பிடித்துவிடலாம். சிங்கப்பூரில் மின்னழுத்தம் 230 வோல்ட். சுவரில் உள்ள சதுரப் பின் பாயிண்ட் 13 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 2990. மூன்று பின் பிளக்கோடு வரும் எந்த அடுப்பும், ஒரு பர்னரோ இரண்டோ, மொத்தத்தில் இதற்கு மேல் முறையாக எடுக்க முடியாது. 4200 என்று அச்சிட்டவர் இரு பக்கத்தின் தனித்தனி உச்சத்தைக் கூட்டிப் போட்டிருக்கிறார். 2800-ஐப் பங்கிடும் அடுப்பு கெட்ட அடுப்பு அல்ல. ஒரு பக்கம் சோறு கொதிக்க, மறுபக்கம் ரசம் சூடாக அது போதும். பங்கிடும் என்று சொல்லாமல் விற்றதுதான் குற்றம்.

இதைவிட மோசமான ரகமும் உண்டு. சிட்டையிலேயே 3500 வாட் என்றிருக்கும், ஆனால் வயர் நுனியில் 13 ஆம்பியர் பிளக் மாட்டியிருப்பார்கள். அது எடுப்பது 15 ஆம்பியருக்கும் மேல். “அதிகமானால் ஃபியூஸ் போயிடும், பயமில்லை” என்பார்கள். போகாது. 13 ஆம்பியர் ஃபியூஸ் 15, 16 ஆம்பியரை மணிக்கணக்கில் தாங்கும். அந்த நேரமெல்லாம் சூடாவது பிளக்கும் பாயிண்டின் உள்தகடுகளும்தான். லைவ் பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாகும், பிறகு மீன் நாற்றம் போல ஒரு வாடை வரும். அந்த நிலையில் பிளக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை, பாயிண்டையும் மாற்ற வேண்டும். நீட்டிப்பு வயரிலோ பல துளை அடாப்டரிலோ இண்டக்‌ஷன் அடுப்பைச் செருகவே கூடாது, 2000 வாட் அடுப்பானாலும் சரி.

மேடையில் வெட்டிப் பதிக்கும் 30 செண்டிமீட்டர் அகல அடுப்பை வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். அவற்றில் பல 3000 வாட்டைத் தாண்டும். தனி வயர், தனி பிரேக்கர் வேண்டும், உரிமம் பெற்ற மின் ஊழியர்தான் இணைக்க வேண்டும். அந்தச் செலவு அடுப்பு விலையில் சேராது. கடைக்காரர் அதை வாயே திறக்க மாட்டார்.

ஒற்றை அடுப்பிலும் 2000 என்று எழுதி 1300 தருபவை உண்டு. வீட்டிலேயே சோதிக்கலாம். சரியாக ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீர், காந்தம் ஒட்டும் தட்டையான அடிப் பாத்திரம், மூடி. முழு வேகத்தில் வைத்து நேரம் பாருங்கள். 28 டிகிரியிலிருந்து ஒரு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 300 கிலோஜூல் வேண்டும். உண்மையான 2000 வாட் அடுப்பு, இழப்புகள் போக, சுமார் 3 நிமிடத்தில் முடிக்கும். கனமான பாத்திரமென்றால் அரை நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். 5 நிமிடம் ஆனால் உங்கள் கையில் இருப்பது 1200 வாட் அடுப்பு. மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குள் இதைச் செய்து, கைப்பேசியில் காணொளி எடுத்து வையுங்கள்.

தோசை சுடுகிறவர்களுக்கு வாட் மட்டும் போதாது, காயில் அளவும் முக்கியம். கண்ணாடியில் அச்சிட்ட வட்டம் 22 செண்டிமீட்டர் இருக்கும். அதன் அடியில் சுற்றியிருக்கும் செம்புக் காயில் 14 செண்டிமீட்டர்தான் இருக்கும். வட்டத்தைக் காட்டி விற்பார்கள். அகலமான பாத்திரத்தில் விரல் நகம் முங்கும் அளவு தண்ணீர் ஊற்றி முழு வேகத்தில் வையுங்கள். முதல் குமிழிகள் எழும் வளையம்தான் காயிலின் அளவு. 28 செண்டிமீட்டர் கல்லில் 14 செண்டிமீட்டர் காயில் என்றால் நடுவில் கருகும், ஓரம் மாவாகவே இருக்கும். வார்ப்பிரும்புக் கல்லைக் குறைந்த வேகத்தில் ஐந்தாறு நிமிடம் காயவிட்டால் ஓரளவு சமாளிக்கலாம். எடுத்ததுமே முழு வேகம் வைத்தால் மெல்லிய கல் வளைந்துவிடும்.

அடுத்த புளுகு, “எந்தச் சட்டியும் போடலாம்.” காந்தம் ஒட்டாத பாத்திரம் சூடாகாது, அவ்வளவுதான். அலுமினிய இட்லிப் பானை, இண்டாலியச் சட்டி, பித்தளை, ஈயச்சொம்பு, மண்சட்டி எதுவும் ஆகாது. எவர்சில்வரில் ஒட்டுவதும் உண்டு, ஒட்டாததும் உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த செம்பு அடிப் பாத்திரங்கள் பெரும்பாலும் ஆகாது. குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். பாத்திரத்தின் பக்கத்தில் அல்ல, அடியில் ஒட்டிப் பாருங்கள். வட்ட அடி வாணலி காந்தம் பிடித்தாலும் உதவாது. கண்ணாடியைத் தொடுகிற அந்தச் சிறு புள்ளிதான் சூடாகும்.

இதற்கு மாற்று என்று ஓர் இரும்புத் தட்டை மேலும் காசு வாங்கித் தலையில் கட்டுவார்கள். தட்டு காய்ந்து, அந்தச் சூடு பாத்திரத்துக்குப் பாதியும் கண்ணாடிக்குப் பாதியுமாகப் போகும். கண்ணாடிக்கு அடியில் இருக்கும் சென்சார் சூட்டைக் கண்டதும் அடுப்பை அணைத்துவிடும். அந்தக் காசுக்கு ஒரு தட்டையடிச் சட்டி வாங்கலாம்.

பால் காய்ச்சுபவர்கள் குறைந்த வேகத்தைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். மலிவு அடுப்புகள் 300 வாட் என்று காட்டினாலும் 300-ஐத் தொடர்ந்து தருவதில்லை. 1200-ஐச் சில விநாடி தந்து, சில விநாடி நிறுத்தும். தண்ணீர் குபுக்கென்று கொதித்து அடங்கி, மறுபடி கொதித்தால் அதுதான் விஷயம். பால் பொங்குவதும் பாயசம் அடிப்பிடிப்பதும் இதனால்தான்.

பாதுகாப்புக் குறி இல்லாத அடுப்பை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். முக்கோணப் பிளக் மாற்றியோடு வரும் சாய்ந்த பின் பிளக், உருண்டைப் பின் பிளக் இரண்டுமே வேறு நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்டவை. வோல்ட் ஒத்துப்போகலாம், உத்தரவாதம் ஒத்துப்போகாது. குறியோடு எட்டு இலக்கப் பதிவு எண் இருக்கும். அந்தக் குறிக்கான அதிகாரபூர்வ இணையப் பதிவேட்டில் எண்ணைத் தட்டி, அங்கே வரும் மாடலும் சிட்டையில் உள்ள மாடலும் ஒன்றா என்று பாருங்கள். குறியைத் தனியாக அச்சடித்து ஒட்ட அதிக நேரம் ஆகாது.

சிறிய சமையலறையில் இந்த அடுப்புகள் சாவது பெரும்பாலும் மூச்சுமுட்டித்தான். அடியில் காற்று உறிஞ்சி, பின்பக்கம் வெளியே தள்ளும். சுவரோடு ஒட்டி வைத்தால் வெளியே போன சூடே திரும்ப உள்ளே வரும். பின்னால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், அடியில் நெகிழி விரிப்போ செய்தித்தாளோ போடாதீர்கள். வெதுவெதுப்பான அந்தத் துளைக்குள் கரப்பான் குடிபோவது இங்கே சகஜம். சர்க்கியூட் பலகையில் அது குறுக்கே விழுந்தால் பலகையே போச்சு. பூச்சியால் வந்த பழுதைப் பல உத்தரவாதங்கள் ஏற்பதில்லை. கண்ணாடி உடைந்தாலும் அதே கதை. “ஒரு வருட வாரண்டி” என்றால் உதிரிப்பாகமா, வேலைக்கூலி மட்டுமா என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

ஏமாந்துவிட்டால், “பணம் திருப்பித் தரப்படாது” என்ற வரியைப் பார்த்து அடங்கிவிட வேண்டாம். குறையுள்ள பொருளை வாங்கியவர்களுக்காக 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்தல் அல்லது மாற்றம், அது நடக்காவிட்டால் விலைக்குறைப்பு அல்லது பணம். தனியாள் ஒருவர் செயலியில் விற்ற பழைய அடுப்புக்கு இது பொருந்தாது.

பொய் வாட் எண்ணுக்கு நல்ல ஆதாரம் மூன்று படங்கள்: பெட்டியின் முகப்பு, அடியில் உள்ள சிட்டை, ரசீது. பெட்டியை மறுநாளே குப்பைக் குழாயில் போட்டவர்களிடம் முதல் படம் இருக்காது. படங்களோடு முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் போதும். மசியாவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம். அதன் பிறகு சிறு கோரிக்கை நடுவர் மன்றம்: இணையத்திலேயே பதியலாம், வழக்கறிஞர் கிடையாது, 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையிலான பயனீட்டாளர் கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளி, இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும்.