பாலைவன நெடுநடையில் ஓய்வு: முழு நாளா, அரை நாளா?

பாலைவனத்தில் வாரக்கணக்கில் நடப்பவர்கள் ஓய்வை இரண்டு விதமாக எடுக்கிறார்கள். ஒரு அடிகூட முன்னேறாத நாள் 'ஜீரோ'. விடியற்காலையில் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் நடந்து ஊரைச் சேர்ந்து, மீதிப் பொழுதைப் படுத்துக் கழிப்பது 'நீரோ'.

வெறும் களைப்புதான் என்றால் நான் நீரோவைத்தான் சொல்வேன். ஜீரோவுக்கு இரண்டு இரவு அறை வேண்டும். நீரோவுக்கு ஒன்று போதும். மதியத்துக்குள் குளித்து, துணி துவைத்து, காலுறைக்குள் ஏறிய மணலை ஒழித்துவிடலாம். கொப்புளம் வர அந்த மணலும் வியர்வையுமே போதும். மறுநாள் வெயில் தாழ்ந்தபின் கிளம்பினால், முழுசாக ஒரு நாளுக்கு மேலேயே ஓய்வு கிடைத்துவிடும்.

வலி என்றால் கதை வேறு. தசை சீக்கிரம் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் அவ்வளவு வேகமாகப் பழகாது. முன்னங்கால் எலும்பில் ஓரிடத்தில் மட்டும் குத்துகிறதா, கொப்புளம் சீழ் பிடித்துவிட்டதா, வெயிலில் தலைசுற்றி வாந்தி வந்ததா? அப்போது ஜீரோதான். சரியாகவில்லை என்றால் இன்னொரு நாளும் சேர்த்து. வெப்பத்துக்குப் பழகிய உடம்பு அந்தப் பழக்கத்தை இழந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்தில் வந்தது ஒரே நாளில் போகாது.

எதை எடுத்தாலும் தண்ணீர் உள்ள இடத்தில் எடுங்கள். நிழலில் சும்மா படுத்திருந்தாலும் உடம்பு லிட்டர் லிட்டராகக் கேட்கும். ஒவ்வொரு லிட்டரும் முதுகில் ஒரு கிலோ. நடுவழியில், வறண்ட ஓடைக்கரையில் ஜீரோ மட்டும் தயவுசெய்து வேண்டாம்.