கொழிஞ்சாம்பாறையில் அப்பாவின் இ.சி.ஜி.

துபாயிலிருந்து லீவில் போகும் நாம் பலரும் அப்பா அம்மாவுக்கு ஒரு ஃபுல் செக்கப் பார்த்துவிட்டால் நிம்மதி என்று நினைக்கிறோம். அந்த ரிப்போர்ட்டைப் படித்தது டாக்டரா, மிஷினா என்று கேட்பதில்லை. இந்த முறை பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்கு அதுதான் பெரிய கேள்வியாகிவிட்டது.

அப்பாவுக்குப் பல வருஷமாக பிரஷர். ஒரு நாள் காலையில் நெஞ்சு கனமாக இருக்கிறது என்றார். பக்கத்திலிருந்த லேபில் இ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பாக இருக்கலாம் என்று தாளின் மேலே மிஷினே அச்சடித்திருந்தது. டாக்டர் யாரும் பார்க்கவில்லை. "கோயமுத்தூர் கொண்டு போயிருங்க" என்று தாளை மடித்துக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். அந்த அலட்சியத்தை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

கோவை வரை போகாமல் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி காஷுவாலிட்டிக்குப் போனோம். சீட்டு எழுதும் முன்பே உள்ளே படுக்க வைத்தார்கள். சிஸ்டர் அப்பாவின் விலா எலும்புகளை விரலால் தடவி எண்ணி, நான்காவது இடைவெளியில் வி1, வி2 என்ற இ.சி.ஜி. வயர் முனைகள் இரண்டையும் ஒட்டினார். இவை மேலே ஏறிவிட்டால் இல்லாத மாரடைப்பைக்கூட மிஷின் காட்டும் என்றார்.

டூட்டி டாக்டர் தாளைப் பார்த்ததும், "பழைய இ.சி.ஜி. உண்டோ?" என்றுதான் முதலில் கேட்டார். மஞ்சப்பையில் அம்மா எல்லாவற்றையும் வைத்திருந்தார். ஒரிஜினல் தாள்கள் வெளுத்துப் போயிருந்தன. சூட்டில் அச்சாகும் தாள் அப்படித்தான். நல்லவேளை, ஒன்றுக்கு ஜெராக்ஸ் இருந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வி1-இல் கீழே இறங்கும் எஸ் அலை 22 சின்னக் கட்டம், வி5-இல் மேலே ஏறும் ஆர் அலை 19. கூட்டினால் 41. 35-ஐத் தொட்டாலே இடது கீழறையின் சுவர் தடித்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். அப்படித் தடித்த இதயத்தில், எஸ் ஆழமாக இருக்கும் வி1 முதல் வி3 வரை எஸ்.டி. பகுதி, அதாவது எஸ் அலைக்கும் அடுத்து வரும் டி அலைக்கும் நடுவிலுள்ள கோடு, கொஞ்சம் தூக்கியே நிற்கும். பார்ப்பதற்கு மாரடைப்பு மாதிரியே இருக்கும். மிஷின் குழம்பியது அங்கேதான். அப்பாவின் பழைய தாளிலும் அதே தூக்கல் அப்படியே இருந்தது.

அதோடு விடவில்லை. மாரடைப்பு என்றால் நேரம் போகப் போக அலைகள் மாறும் என்று சொல்லி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி எடுத்தார். இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனினுக்கு ரத்தமும் எடுத்து, சில மணி நேரம் கழித்து இன்னொரு முறையும் பார்த்தார்கள். எதிலும் மாற்றமில்லை. பிறகு பாலக்காட்டில் எக்கோ எடுத்தோம். சுவர் தடித்திருப்பது உறுதியானது, பம்பிங் நன்றாக இருந்தது. பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள்.

நெஞ்சு வலி என்றால் பழைய தாளைத் தேடிக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது, உடனே கிளம்ப வேண்டும் என்று டாக்டர் அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார். அதனால் இப்போது அப்பாவின் இ.சி.ஜி. போட்டோ, தேதியோடு, அம்மா போனிலும் என் போனிலும் பக்கத்து வீட்டுச் சித்தப்பா போனிலும் இருக்கிறது. ஊருக்குப் போகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள், ஐந்து நிமிஷம்கூட ஆகாது.