இறுதித் தேர்வு மதிப்பெண்: ஆசிரியர் கணிப்பா, கணக்கு மாதிரியா?

வகுப்பில் முப்பது பேருக்குக் குறைவாக இருந்து, பழைய மதிப்பெண் பதிவும் இல்லையென்றால், இறுதித் தேர்வில் யார் எவ்வளவு எடுப்பார் என்று முன்கூட்டியே சொல்ல ஆசிரியர் கணிப்பே போதும். காய்ச்சலோடு மாதிரித் தேர்வு எழுதியவர் யார், கடைசி மாதத்தில் வேகம் பிடிப்பவர் யார் என்பது அவருக்குத்தான் தெரியும். குறை, கை கொஞ்சம் தாராளமாகிவிடும். ஒற்றை எண் கேட்காமல் "68 முதல் 75 வரை" என வரம்பாக எழுதி வாங்குங்கள்.

கணக்கு மாதிரிக்கு, அதாவது பழைய மதிப்பெண்களை வைத்துச் சூத்திரம் போட்டுக் கணிப்பதற்கு, குறைந்தது முந்தைய ஓராண்டின் மாதிரித் தேர்வு, இறுதித் தேர்வு மதிப்பெண்கள் வேண்டும். மாதிரித் தேர்வில் சராசரி 58, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 12 என்றால், 70 எடுத்தவர் ஒரு விலக்கம் மேலே இருக்கிறார். சென்ற ஆண்டு இறுதித் தேர்வின் சராசரி 66, விலக்கம் 10, இரு தேர்வுகளுக்கும் ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு; முழுதாக ஒத்துப்போனால் 1) 0.8 எனில் கணிப்பு 66 + 0.8 × 10 = 74. பலர் 0.8-ஐ விட்டுவிட்டு 76 என்று போடுவார்கள். அதிக மதிப்பெண் எடுக்கும் மாணவர்களுக்கு அங்கேதான் கணிப்பு எகிறும். வினாத்தாள் அமைப்பு மாறிய ஆண்டில் இந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

தனி மாணவரின் தலைவிதியைக் கணக்கு மாதிரியிடம் மட்டும் விடவும் கூடாது. 2020-ல் தேர்வு ரத்தானபோது இங்கிலாந்தில் பெரும்பாலும் அதைத்தான் செய்தார்கள். ஏ-லெவல் (அங்குள்ள பள்ளி இறுதித் தேர்வு) தரங்களில் சுமார் 40% ஆசிரியர் மதிப்பீட்டைவிடக் கீழே இறங்கின. எதிர்ப்பு வலுத்ததும் சில நாட்களிலேயே அதைக் கைவிட்டு ஆசிரியர் தரத்துக்கே திரும்பினார்கள். வகுப்புச் சராசரிக்குக் கணக்கு மாதிரி, தனி ஆளுக்கு ஆசிரியர். இரண்டும் பத்து மதிப்பெண்ணுக்கு மேல் முரண்பட்டால் அந்த மாணவரின் விடைத்தாளை எடுத்துப் பாருங்கள்.