ஓர் அடைப்புக்குறிக்காகச் சேர்ந்த வகுப்பு: உயிரினப் பெயரிடல் பற்றிய ஆறு வார இணையப் பாடம்

இருபது வருடமாக உயிரியல் பாடநூல்களுக்கு மெய்ப்பு பார்க்கிறேன். அறிவியல் பெயர் சாய்வெழுத்தில் வரவேண்டும், பேரினப் பெயரின் முதலெழுத்து பெரிய எழுத்து, சிற்றினப் பெயர் முழுக்கச் சின்ன எழுத்து. எனக்குத் தெரிந்த விதி இவ்வளவுதான். ஒரு நூலில் விலங்குகளின் பெயருக்குப் பின்னால், பெயர் வைத்த அறிஞரையும் ஆண்டையும் காட்டும் 'லின்னேயஸ், 1758' என்பது சில இடங்களில் அடைப்புக்குறிக்குள் இருந்தது, சில இடங்களில் குறியே இல்லை. ஒரே சீராக இருக்கட்டும் என்று எல்லாக் குறிகளையும் எடுத்துவிட்டேன். அச்சான பிறகு நூலாசிரியர் கூப்பிட்டு, "அந்தக் குறிகளுக்கு அர்த்தம் உண்டும்மா" என்றார். வருத்தமாக இருந்தது. அந்த அர்த்தம் என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

முதல் வாரம் எனக்குப் பெரிதாக எதையும் தரவில்லை. உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்ற அடுக்கு பள்ளியில் படித்ததுதான். 1969இல் விட்டேக்கர் ஐந்து உலகங்களாகப் பிரித்ததையும், 1977இல் கார்ல் வோஸ் ஆர்க்கியாக்கள் என்ற நுண்ணுயிர்கள் பாக்டீரியாக்களிலிருந்து வேறுபட்டவை என்று காட்டியதையும் வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இரண்டாம் வாரத்துக்காகவே இதில் சேரலாம். நடத்துபவர் ஒரு தாவரவியல் ஆசிரியை. அவர் வரையறையில் தொடங்கவில்லை, இரண்டு பெயர்களைத் திரையில் போட்டார். ஓநாய்: கேனிஸ் லூபஸ் லின்னேயஸ், 1758. புலி: பாந்தெரா டைகிரிஸ் (லின்னேயஸ், 1758). என்ன வித்தியாசம் என்று கேட்டுவிட்டு, ஒளிப்பதிவை நாமே நிறுத்தி யோசிக்கச் சொன்னார். ஓநாய்க்கு லின்னேயஸ் வைத்த பேரினம் இன்றும் அதேதான். புலியை அவர் பூனையின் பேரினத்தில் சேர்த்து ஃபெலிஸ் டைகிரிஸ் என்று எழுதியிருந்தார், பிற்பாடு அது பாந்தெராவுக்கு மாறியது. பெயர் வைத்தவர் ஒரு பேரினத்தில் வைத்து, சிற்றினம் பிறகு வேறு பேரினத்துக்கு மாறியிருந்தால் அவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் போகும். ஓர் உயிரினம் இடம்மாறிய வரலாறே அந்த இரண்டு வளைகோடுகளுக்குள் இருக்கிறது. அதைத்தான் நான் அழித்திருந்தேன்.

அடுத்து வந்தது வீட்டுச் சிட்டுக்குருவி. லின்னேயஸ் எழுதியது ஃப்ரிஞ்சில்லா டொமஸ்டிகா. இன்றைய பெயர் பாஸர் டொமஸ்டிகஸ். கடைசி அசை ஏன் மாறியது? லத்தீனில் ஃப்ரிஞ்சில்லா பெண்பால், பாஸர் ஆண்பால். சிற்றினப் பெயர் உரிச்சொல்லாக இருந்தால் பேரினப் பெயரின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். பழைய நூலில் ஒரு மாதிரியும் புதிய நூலில் வேறு மாதிரியும் பார்த்தால் அச்சுப்பிழை என்று திருத்தியிருப்பேன். மெய்ப்பு பார்ப்பவர்கள் எல்லோரும் இந்த ஒரு பாடத்தையாவது கேட்கவேண்டும்.

மூன்றாம் வாரம் முன்னுரிமை விதி. முறைப்படி முதலில் வெளியான பெயருக்கே உரிமை, அதன் பொருள் தவறாக இருந்தாலும். 1834இல் ஹார்லன் ஒரு புதைபடிவத்தை ஊர்வன என்று எண்ணி பாஸிலோசாரஸ் என்று பெயரிட்டார், 'பல்லிகளின் அரசன்' என்ற பொருளில். அது பழங்காலத் திமிங்கலம் என்பது பின்னர் தெரிந்தது. ரிச்சர்ட் ஓவன் வேறு பெயர் கொடுத்துப் பார்த்தார், நிலைக்கவில்லை. ஒரு சொர்க்கப் பறவைக்கு லின்னேயஸ் வைத்த சிற்றினப் பெயர் அபோடா, 'காலில்லாதது'. வணிகர்கள் காலை நீக்கிவிட்டே தோல்களைக் கொண்டுவந்ததால் வந்த பெயர். இன்றும் அதுதான். பெயர் வர்ணனை அல்ல, ஒட்டுச்சீட்டு என்று ஆசிரியை சொன்னது இந்த உதாரணங்களுக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. எந்தப் பொருளில் அந்தச் சீட்டை ஒட்டுவது என்பதற்குத்தான் வகை மாதிரி. அருங்காட்சியகத்திலோ உலர்தாவரத் தொகுப்பிலோ பாதுகாக்கப்படும் அந்த ஒரு மாதிரியோடு பெயர் கட்டப்பட்டிருக்கிறது. உலர்ந்த செடி ஒட்டிய தாளைக் கையில் ஏந்தி, ஓரத்திலிருந்த குறிப்புகளை அவர் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டியது இந்த வகுப்பின் மிக அழகான இருபது நிமிடம்.

தாவரத்துக்கும் விலங்குக்கும் தனித்தனி விதித்தொகுப்பு என்பதே எனக்குப் புதுச் செய்தி. தாவரப் பெயர்களுக்குத் தொடக்கம் 1753, விலங்குகளுக்கு 1758. கொரில்லா கொரில்லா போல ஒரே சொல் இரண்டு முறை வருவது விலங்குகளில் செல்லும், தாவரங்களில் செல்லாது. ஃபைகஸ் என்பது அத்தி மரத்தின் பேரினம், ஒரு கடல் நத்தையின் பேரினமும் அதுவே. தொகுப்புகள் வேறு என்பதால் மோதல் இல்லை. தாவரங்களில் அடைப்புக்குறிக்கு வெளியே, பேரினத்தை மாற்றியவரின் பெயரும் வரும். விலங்குகளில் அது வருவதில்லை.

இனி குறைகள். பாக்டீரியாக்களின் பெயரிடலுக்கு மொத்தமே 12 நிமிடம். 1980இல் ஓர் ஏற்புப் பட்டியலோடு பாக்டீரியாப் பெயர்களின் கணக்கையே புதிதாகத் தொடங்கினார்கள். எவ்வளவு துணிச்சலான வேலை அது! அதற்கு இரண்டே வாக்கியம். திரையின் அடியில் ஓடும் எழுத்துகள் லத்தீன் பெயர்களைச் சிதைக்கின்றன, காது மந்தமானவர்கள் இந்த வகுப்பைத் தொடரவே முடியாது. என்னால் பொறுக்க முடியாதது தேர்வு: சிற்றினப் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதினாலும் சரி என்று மதிப்பெண் போடுகிறது. மூன்று வாரம் கற்றுக்கொடுத்ததைத் தேர்வே கண்டுகொள்ளாமல் விட்டால் எப்படி? எழுதிக் கேட்டிருக்கிறேன். வாரம் நான்கு மணி நேரம் போதும் என்கிறார்கள், எனக்கு ஏழு ஆனது.

வழியில் பார்த்த செடியின் பெயரைக் கண்டுபிடிக்க ஆசைப்படுபவர்களுக்கு இது உதவாது. ஆசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், என்னைப் போல மெய்ப்பு பார்ப்பவர்கள் தயங்காமல் சேரலாம்.

ஆறாம் வாரம் பயிற்சி மட்டும்தான். பழைய பதிவுகளைக் கொடுத்து, இன்று செல்லுபடியாகும் பெயரை முழு வடிவில் எழுதச் சொல்கிறார்கள். அதை முடித்த கையோடு அந்தப் பழைய நூலை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தேன். குறிகள் திரும்ப வரவேண்டிய இடங்கள் 43. பட்டியலை நூலாசிரியருக்கு அனுப்பிவைத்தேன். அடுத்த பதிப்பில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.